பாய்மரப் படகில் சரோனிக் தீவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றிவிட்டு வந்தோம் என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி "உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?" அடுத்தது "வாந்தி வரவில்லையா?" மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் கண்ணில் தெரியும்: "இவ்வளவு பணம் ஏது?" இரண்டு முறை போய்வந்தோம், இரண்டும் செப்டம்பரில். நான், வீட்டில், நண்பர் ஒருவர், அவர் மனைவி, அத்தை, மாமா என்று ஆறு பேர். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு துண்டாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

சரோனிக் தீவுகள் எங்கே இருக்கின்றன? சாண்டோரினி பக்கமா?

இல்லை. சாண்டோரினி, மிக்கொனோஸ் எல்லாம் சிக்லேட்ஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை, ஏஜியன் கடலின் நடுவே இருப்பவை. சரோனிக் வளைகுடா ஏதென்ஸின் வாசலிலேயே இருக்கிறது. வடக்கே ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா, மேற்கே பெலொபொன்னீஸ் நிலம், இடையில் சலாமிஸ், ஏஜினா, அங்கிஸ்ட்ரி, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ். கடைசி இரண்டும் கணக்குப்படி வளைகுடாவுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி இருந்தாலும் எல்லாரும் சேர்த்தே சொல்கிறார்கள். உள்ளூர் உச்சரிப்பு வேறு: ஏஜினாவை எயினா என்பார்கள், ஹைட்ராவை ஈத்ரா என்பார்கள். டாக்ஸிக்காரரிடம் ஹைட்ரா என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

இந்தத் தீவுகளுக்கு ஃபெர்ரி இருக்கிறதே, படகு எதற்கு?

இடங்களைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஃபெர்ரிதான் சரி. பிரேயஸ் துறைமுகத்தில் ஏறினால் வேகக் கப்பல் இரண்டு மணி நேரத்துக்குள் ஹைட்ராவில் இறக்கிவிடும். செலவும் மிகக் குறைவு.

படகில் போனால் கிடைப்பது தூரம் பற்றிய உணர்வு. ஏஜினாவிலிருந்து பார்த்தால் ஏதென்ஸ் பக்கத்து மலைகள் தெரியும். பண்டைய ஏதென்ஸ்காரர்களுக்கு ஏஜினா ஏன் அப்படிக் கண்ணை உறுத்தியது என்பது புத்தகத்தில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. ஐந்து முடிச்சு வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், மூன்று மணி நேரம் அதை நோக்கியே போனபோது விளங்கியது. எதிரி இவ்வளவு பக்கத்தில், தினமும் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? இந்தத் தீவுகளில் ஒன்றின் கதையை இன்னொன்றை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஒரு தீவின் கோயில் கல் இன்னொரு தீவின் சுவரில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம்? காற்று எப்படி?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், வாடகை ஏறும், துறைமுகங்களில் இடம் கிடைக்காது. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். அந்த வாரம் கிரேக்கர்கள் எல்லாருமே தீவுகளில்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் ஏஜியன் கடலில் அடிக்கும் வடக்குக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். நம் ஊர் வாடை மார்கழிக் குளிரோடு வரும், இது நீல வானத்தோடு வரும். மேகமே இல்லாமல் திடீரென்று பலக்கும் என்பதுதான் இதில் வில்லங்கம். சிக்லேட்ஸ் தீவுகளில் இந்தக் காற்றால் இரண்டு மூன்று நாள் துறைமுகத்திலேயே முடங்கிப் போனவர்கள் உண்டு. சரோனிக்கில் அட்டிகா நிலம் கொஞ்சம் மறைப்பதால் அதன் வேகம் பெரும்பாலும் அடங்கியே வரும். காலையில் கடல் தட்டையாக இருக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், இருட்டியதும் அடங்கும். முதல் முறை போகிறவர்களுக்கு இந்த வளைகுடாவை நான் சொல்வதற்கு முதல் காரணம் வரலாறு இல்லை, இந்தக் காற்றுதான்.

படகு ஓட்டத் தெரியாதவர்கள் போக முடியுமா?

முடியும். எங்கள் ஆறு பேரில் யாருக்கும் தெரியாது. ஸ்கிப்பரோடு, அதாவது படகை ஓட்டும் மாலுமியோடு, படகு எடுத்தால் போதும். ஸ்கிப்பர் உங்களோடு படகிலேயே தங்குவார். அவருக்கு ஒரு கேபின் ஒதுக்க வேண்டும், சாப்பாடு உங்கள் பொறுப்பு. கயிறு இழுக்க, நங்கூரம் இறக்க ஆள் வேண்டும் என்பதால் உங்களையும் வேலை வாங்குவார். இரண்டாவது நாளே மாமா சுக்கானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

ஸ்கிப்பர் இல்லாமல் படகை மட்டும் எடுப்பதைப் பேர்போட் என்கிறார்கள். அதற்குக் கிரேக்கத் துறைமுக அதிகாரிகள் ஏற்கும் உரிமம் ஒருவரிடம் இருக்க வேண்டும். அனுபவமுள்ள இன்னொருவர் துணைக்கு இருக்கிறார் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். உங்கள் சான்றிதழ் செல்லுமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எந்தப் படகு எடுப்பது?

ஒற்றை உடல் படகு, அதாவது மோனோஹல், காற்றில் சாயும். விலை குறைவு, துறைமுகத்தில் இடம் கிடைப்பது எளிது. கட்டமரான் சாயாது, அகலமானது, மொட்டைமாடி போல உட்கார இடம் இருக்கும், ஆனால் வாடகை அநேகமாக இரட்டிப்பு. கட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். அதற்காகத் தள்ளுபடி கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நான்கு கேபின் உள்ள 42 அடி மோனோஹல் எங்களுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எங்கள் இரண்டாவது பயணக் கணக்கு இது. ஒரு வாரப் படகு வாடகை 2,900 யூரோ. ஸ்கிப்பருக்கு நாள் ஒன்றுக்கு 200 வீதம் 1,400. சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு இத்யாதிக்கு 250. டீசல் 150. துறைமுகக் கட்டணம், கரண்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 100. ஆக 4,800, தலைக்கு 800. சாப்பாடும் விமானமும் தனி. அதே படகு ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆயிரம் யூரோவுக்கு மேல் அதிகம் சொன்னார்கள். இது போக 2,000, 3,000 யூரோ டெபாசிட்டாக உங்கள் கார்டில் முடக்கி வைப்பார்கள். கார்டு வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடைசி நிமிடத்தில் கவுண்டரில் நின்று வங்கிக்குப் போன் போடுவது நன்றாக இருக்காது.

ஒரு வாரத்தில் எந்த வழியில் போகலாம்?

படகுகள் சனிக்கிழமை மாலை கைக்கு வரும், வெள்ளிக்கிழமை மாலை திரும்ப வேண்டும், சனி காலை காலி செய்ய வேண்டும். பெரும்பாலான வாடகைப் படகுகள் ஏதென்ஸின் ஆலிமோஸ் மரீனாவில், அதாவது உல்லாசப் படகுத் துறையில், இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் போகும் எக்ஸ்96 பேருந்து கடற்கரைச் சாலை வழியாக அந்தப் பக்கம்தான் போகிறது.

நாங்கள் சனி இரவு மரீனாவிலேயே தூங்கினோம். ஞாயிறு ஏஜினா, சுமார் 16 கடல் மைல். திங்கள் பாலையா எபிதாவ்ரோஸ். செவ்வாய் மெத்தானா தீபகற்பத்தைச் சுற்றி போரோஸ். புதன் ஹைட்ரா. வியாழன் மறுபடி வடக்கே திரும்பி ஏஜினாவின் தெற்கு முனையில் பெர்திக்கா. வெள்ளி ஆலிமோஸ். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர், படகு மணிக்கு ஐந்தாறு கடல் மைல் போகும், அவ்வளவுதான் கணக்கு. இதில் ஸ்பெட்செஸையும் சேர்க்க வேண்டும் என்றால் எபிதாவ்ரோஸை விட வேண்டிவரும். இரண்டையும் ஒரே வாரத்தில் திணித்தவர்கள் நாளெல்லாம் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டேதான் போயிருப்பார்கள்.

ஏஜினாவில் என்ன இருக்கிறது? ஒருநாள் போதுமா?

போதாது, ஆனால் ஒருநாள்தான் கிடைக்கும். கடலிலிருந்து வரும்போது ஊருக்கு இடப்பக்கம் ஒற்றைக் கல்தூண் ஒன்று தெரியும். அப்பல்லோ கோயிலில் மிஞ்சியது அது மட்டும்தான், அந்த இடத்துக்கே கொலோனா, அதாவது தூண், என்று பெயர். மாலுமிகளுக்கு அது அடையாளம். எங்கள் ஸ்கிப்பரும் ஜிபிஎஸ்ஸைத் தட்டிவிட்டு அந்தத் தூணைத்தான் கை காட்டினார்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இந்தக் குட்டித் தீவு பெரிய வணிக வல்லரசு. ஐரோப்பாவில் முதன்முதல் வெள்ளி நாணயம் அடித்த இடங்களில் இதுவும் ஒன்று. நாணயத்தில் கடலாமை. அப்புறம் ஏதென்ஸிடம் தோற்றுக் கடல் ஆதிக்கம் கைவிட்டுப் போனது. அதற்குப் பிந்தைய நாணயங்களில் கடலாமைக்குப் பதிலாகத் தரையில் நடக்கும் ஆமை வந்துவிட்டது. தோல்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையோ இல்லையோ, ஒரு நாடு தோற்றதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அஃபாயா கோயிலை விடாதீர்கள். தீவின் வடகிழக்கே, பைன் மரங்களுக்கு நடுவே குன்றின் மேல் இருக்கிறது, துறைமுகத்திலிருந்து பேருந்து உண்டு. கி.மு. 500 வாக்கில் கட்டியது, ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைவிட மூத்தது. தூண்கள் நன்றாகவே நிற்கின்றன, ஆனால் முகப்புச் சிற்பங்கள் இல்லை. 1811இல் தோண்டி எடுத்தவர்களிடமிருந்து பவேரிய இளவரசர் லுட்விக் வாங்கிக்கொண்டு போனார். இன்று அவை மியூனிக் நகரின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. "நம்ம ஊர்க் கதைதான்" என்றார் அத்தை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒட்டோமான் துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற கிரீஸின் முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ் 1828 ஜனவரியில் பதவி ஏற்றது இங்கேதான். கொஞ்ச காலம் நாட்டின் தலைநகரே ஏஜினாதான், பிறகு நாஃப்பிலியோவுக்கு மாறியது.

இனி பிஸ்தா. ஊர் முழுக்கப் பிஸ்தாக் கடைதான், ஏஜினா பிஸ்தாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. உப்புப் போட்டு வறுத்ததை வாங்குங்கள், பிஸ்தா ஐஸ்கிரீமைப் பற்றி ஊரில் எல்லாரும் பெருமையாகப் பேசினாலும் எனக்குச் சுமார்தான்.

கரையில் கட்டிக் கிடக்கும் ஒரு படகு முழுக்கக் காய்கறிக் கடை. மூங்கில் கூடைகளில் தக்காளி, அத்திப்பழம், குண்டுக் கத்திரிக்காய். படகு அசையும்போது தராசும் அசைந்தது. அத்தை தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அலை அடங்கட்டும், அப்புறம் நிறு" என்று தமிழிலேயே சொன்னார். கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கத்திரிக்காயை எடுத்துத் தட்டில் போட்டார்.

சலாமிஸ் போர் நடந்த இடத்துக்குப் படகில் போகலாமா?

கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்சிஸின் கடற்படையைக் கிரேக்கர்கள் ஒரு குறுகிய நீரிணையில் மடக்கி உடைத்த இடம் அது. இன்று அந்தப் பக்கம் கிரேக்கக் கடற்படைத் தளமும் சரக்குக் கப்பல் போக்குவரத்தும்தான். உல்லாசப் படகுகள் யாரும் போவதில்லை. ஆலிமோஸிலிருந்து ஏஜினா போகும்போது வலப்பக்கம் சலாமிஸ் மலைகள் தெரியும், நங்கூரமிட்டு வரிசையில் நிற்கும் கப்பல்களும் தெரியும். அது போதும். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியபடி அந்தப் போரில் வீரத்துக்கான முதல் பெயர் ஏஜினாக்காரர்களுக்குத்தான் போனது. ஏதென்ஸ்காரர்களுக்கு இரண்டாமிடம். கொஞ்ச காலம் கழித்து அதே ஏதென்ஸ் இதே ஏஜினாவை அடக்கியது.

எபிதாவ்ரோஸ் அரங்கம் கடற்கரையிலா இருக்கிறது?

இல்லை, பாலையா எபிதாவ்ரோஸ் துறைமுகத்திலிருந்து டாக்ஸியில் உள்ளே போக வேண்டும். கி.மு. நான்காம் நூற்றாண்டு, 55 வரிசைகள், பதின்மூன்று பதினாலாயிரம் பேர் உட்காரலாம். நடுவில் நின்று ஒருவர் தீக்குச்சி கிழித்தால் மேல் வரிசையில் கேட்கும் என்பார்கள். எங்கள் முறை வந்தபோது ஒரு பள்ளிக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்ததால் சோதிக்க முடியவில்லை. மருத்துவக் கடவுள் அஸ்கிலிப்பியோஸின் தலத்துக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்காக எழுந்த அரங்கம் இது. நாடகமும் மருந்தில் சேர்த்தி. கோடையில் வார இறுதிகளில் இன்றும் பழைய நாடகங்கள் நடக்கின்றன.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் ரோமானியர் காலத்து வீடு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலே மிதந்தாலே சுவர்களும் பெரிய மண்தாழிகளும் தெரியும். எனக்கு அரங்கத்தைவிட இதுதான் பிடித்தது.

போரோஸில் இறங்கிப் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் போரோஸின் அழகு உள்ளே நுழையும்போதுதான். எதிரே நிலப்பகுதியில் கலத்தாஸ், இந்தப் பக்கம் போரோஸ், இடையில் ஆறு மாதிரி ஒரு கால்வாய். வீடுகளின் பால்கனிகளுக்கு வெகு அருகில் படகு நகரும். 1927இல் கட்டிய மணிக்கூண்டு உச்சியில் நிற்கும். ஆழம் குறைந்த இடங்கள் உண்டு, எங்கள் ஸ்கிப்பர் அந்தக் கால்மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

மேலே கலவ்ரியா மேட்டில் கடல் கடவுள் போசெய்டனின் கோயில் இருந்த இடம் இருக்கிறது. கி.மு. 322இல், மாசிடோனியர்களுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் பேசிய ஏதென்ஸ் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் தப்பி ஓடி அடைக்கலம் புகுந்தது இங்கேதான். அவரைப் பிடிக்க வந்தவன் ஆர்க்கியாஸ், முன்னாள் நாடக நடிகன். வெளியே வா, ஒன்றும் செய்யமாட்டோம் என்று நயமாகப் பேசினான். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார் டெமோஸ்தனிஸ். யோசிக்கும்போது எழுதுகோலைக் கடிப்பது அவர் வழக்கமாம். அந்தக் கோலில்தான் விஷம் இருந்தது. பண்டைய வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை இது.

அங்கே போனால் புல்லும் சில அடித்தளக் கற்களும்தான். மற்ற கற்கள் எங்கே? 18ஆம் நூற்றாண்டில் ஹைட்ராவில் கட்டடம் எழுப்பப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் நாம் போவதும் அதே வழிதான்.

ஹைட்ரா துறைமுகம் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்துவது நியாயம்தான். கிரீஸில் படகைப் பக்கவாட்டில் கட்டுவது அரிது. கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தை இறக்கிவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்பக்கம் இரண்டு கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். ஒரு பலகையைப் போட்டு இறங்க வேண்டும். ஹைட்ரா துறைமுகம் குதிரை லாடம் மாதிரி வளைந்தது, சிறியது. எதிரெதிர்ப் பக்கப் படகுகளின் சங்கிலிகள் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். இடமில்லாவிட்டால் முன்வரிசைப் படகுகளுக்கு முன்னால் இரண்டாம் வரிசை கட்டுவார்கள்.

காலை எட்டு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நின்று நங்கூரப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது நான். சங்கிலி பாதி வரை ஒழுங்காக வந்தது, பிறகு மோட்டார் முனகியது. எட்டிப் பார்த்தால் எங்கள் நங்கூரத்தின் மேல் யாருடையதோ துருப்பிடித்த சங்கிலி, சேறு வழிய, மாலை போட்ட மாதிரி தொங்குகிறது. எதிர்ப் படகில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து பிரெஞ்சில் சத்தம் போட்டார். அவர் சங்கிலிதான் அது. எங்கள் ஸ்கிப்பர் நிதானமாக வந்தார். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் கொடுத்து எடுத்து, படகின் கட்டையில் இறுக்கினார். "இப்போது உன் நங்கூரத்தைக் கீழே விடு" என்றார். ஒரு மீட்டர் விட்டேன். நங்கூரம் நழுவி விலகியது, அந்நியச் சங்கிலி கயிற்றில் மட்டும் தொங்கியது. பிறகு கயிற்றின் ஒரு முனையை விட்டார், சங்கிலி தொம்மென்று உள்ளே போனது. மொத்தம் இருபது நிமிடம். பிரெஞ்சுக்காரர் வாய் கொப்பளித்துவிட்டுக் கையசைத்தார்.

எனவே ஹைட்ராவுக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். இடமில்லையென்றால் பக்கத்து மந்திராக்கி விரிகுடாவில் நங்கூரமிடலாம், அல்லது நிலப்பகுதியில் எர்மியோனியில் கட்டிவிட்டு ஃபெர்ரியில் வந்து பார்க்கலாம்.

ஹைட்ராவில் உண்மையிலேயே கார் கிடையாதா?

கிடையாது. குப்பை வண்டி போன்ற ஒன்றிரண்டைத் தவிர. மோட்டார் சைக்கிளும் கிடையாது. சூட்கேஸ், சிமென்ட் மூட்டை, ஃப்ரிட்ஜ் எல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான். ராத்திரியில் காதில் விழுவது குளம்புச் சத்தமும் கயிறு உரசும் சத்தமும்தான்.

தண்ணீர் என்று பொருள்படும் பெயர், ஆனால் வறண்ட பாறைத் தீவு. விவசாயம் இல்லாததால் கடலையே நம்பினார்கள். ரஷ்யாவும் ஒட்டோமான் துருக்கியரும் செய்துகொண்ட 1774 உடன்படிக்கைக்குப் பிறகு ரஷ்யக் கொடியின் கீழ்க் கப்பலோட்ட முடிந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிரிட்டிஷ் முற்றுகையைத் தாண்டி மேற்கத்தியத் துறைமுகங்களுக்குக் கருங்கடல் கோதுமை கொண்டுபோய்க் கொள்ளை லாபம் பார்த்தார்கள். துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் சாம்பல் நிற மாளிகைகள் அந்தக் கோதுமைப் பணம். 1821இல் விடுதலைப் போர் வெடித்தபோது அந்த வணிகக் கப்பல்களே போர்க்கப்பல்கள் ஆயின. தளபதி மியாவுலிஸ் இந்த ஊர்க்காரர், ஜூன் மாதக் கடைசியில் அவர் பெயரில் விழா நடக்கிறது. போர் முடிந்தபோது பணம் கரைந்துவிட்டது, பிறகு நீராவிக் கப்பல் வந்து பாய்மரத் தொழிலையும் முடித்தது. கடற்பஞ்சு எடுக்கப் போனார்கள். பாடகர் லெனார்ட் கோஹன் 1960இல் இங்கே வீடு வாங்கினார். அந்த வீட்டைத் தேடிப் படியேறுகிறவர்களும் நிறைய. வெறும் கதவுதான் தெரியும்.

ஸ்பெட்செஸ் போகாவிட்டால் நஷ்டமா?

முதல் முறை போனோம், இரண்டாம் முறை விட்டுவிட்டோம், வருந்தவில்லை. போகிறவர்கள் புபுலினாவின் வீட்டைப் பாருங்கள். இரண்டு முறை விதவையானவர், அகமெம்னான் என்ற போர்க்கப்பலைச் சொந்தப் பணத்தில் கட்டி 1821இல் தானே நடத்திச் சென்றவர். எதிரியின் குண்டு அவரைத் தொடவில்லை. 1825இல் ஒரு குடும்பச் சண்டையில் சொந்த ஊரில் சுடப்பட்டு இறந்தார். பழைய துறைமுகத்தில் மரப்படகு கட்டும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. செப்டம்பர் 8ஐ ஒட்டிய அர்மாத்தா விழாவில் கடலில் ஒரு கப்பல் பொம்மையைக் கொளுத்துவார்கள், அன்று படகு கட்ட இடம் தேடாதீர்கள்.

வாந்தி வருமா? நீச்சல் தெரியாவிட்டால்?

இந்த வளைகுடாவில் பெரிய அலை குறைவு. காலையிலேயே கிளம்பி மதியம் இரண்டு மணிக்குள் கட்டிவிட்டால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. படகு ஓடும்போது கீழே கேபினுக்குள் போகாமல், போன் பார்க்காமல், வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புமுன் போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. அத்தை உப்பு நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டார், அவருக்கு வரவில்லை. எனக்கு வந்தது.

நீச்சல் தெரியாதவர்கள் படகு நகரும்போதெல்லாம் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கான அளவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடலில் அவசரம் என்றால் கிரேக்கக் கடலோரக் காவல்படையின் எண் 108. நம்மூர் ஆம்புலன்ஸ் எண்ணே என்பதால் மறக்காது.

குளியல், கழிவறை எல்லாம் எப்படி?

சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியில் சில நூறு லிட்டர் தண்ணீர்தான், ஏழு பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் இரண்டே நாளில் காலி. கடலில் குளித்துவிட்டு, படகின் பின்பக்கக் குழாயில் ஒரு நிமிடம் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்வதுதான் முறை. கழிவறைக்குள் காகிதம் போடக் கூடாது, அடைத்துக்கொண்டால் பிரிப்பது யார் என்பதை ஸ்கிப்பர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவார். பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை கொண்டுபோங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

இதில்தான் கிரீஸ் என்னை ஆச்சரியப்படுத்தியது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் நிறைய நோன்பு நாட்கள். அன்று கறி, பால், முட்டை எதுவும் கூடாது. அதனால் காய், பருப்பு வைத்துச் செய்யும் பழைய சமையல் ஊர் ஊராக இருக்கிறது. "நிஸ்தீசிமா" என்று கேளுங்கள், நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம். தக்காளி சாஸில் வெந்த பெரிய மொச்சை போன்ற யிகாந்தெஸ், சோறு அடைத்த தக்காளியும் குடமிளகாயுமான யெமிஸ்தா, நம் பருப்புக்கடைசல் மாதிரியே இருக்கும் ஃபாவா, எலுமிச்சை பிழிந்த கீரை ஹோர்த்தா. ஒரே ஒரு எச்சரிக்கை: நோன்பில் கணவாய், இறால் வகையறா அனுமதி உண்டு. ஆகவே நிஸ்தீசிமா என்று சொன்னதோடு விடாமல் கடல் உணவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படகிலும் சமைக்கலாம். கேஸ் அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்கும், படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். ஏஜினாவில் வாங்கிய கத்திரிக்காயை அத்தை எண்ணெய் வதக்கலாகச் செய்து, எபிதாவ்ரோஸ் கரையில் சோற்றில் பிசைந்து கொடுத்தார். ஸ்கிப்பர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார், அதற்கப்புறம் அவர் அத்தையைக் கேட்காமல் எந்தத் துறைமுகத்துக்கும் திருப்பவில்லை.

விசா, விமானம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. தங்கும் இடத்துக்குச் சான்றாகப் படகு வாடகை ஒப்பந்தத்தையும் பயணிகள் பட்டியலையும் கொடுத்தோம், ஆனால் முன்னும் பின்னும் ஏதென்ஸில் ஓட்டல் பதிவும் வைத்திருந்தோம். சென்னையிலிருந்து வளைகுடா நாடு ஒன்றில் மாறிப் போக வேண்டும். சனிக்கிழமை படகு என்றால் வெள்ளிக்கிழமையே ஏதென்ஸ் போய்விடுங்கள்.

சங்க இலக்கியத்து யவனர்கள் இந்தத் தீவுகளிலிருந்து வந்தவர்களா?

இப்படிச் சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மிளகு வாங்க வந்த கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து வந்தவை. முசிறியிலிருந்து போன ஹெர்மப்போல்லான் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. பெயரும் எழுத்தும் கிரேக்கம், சரக்கு போன வழி அலெக்சாந்திரியா. ஏஜினாவின் பொற்காலமெல்லாம் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

படகைத் திருப்பி ஒப்படைக்கும்போது சிக்கல் வருமா?

வரலாம். வெள்ளிக்கிழமை மாலை டீசல் நிரப்ப வரிசை நிற்கும், நான்கு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு ஒருவர் படகின் அடிப்பகுதியை முங்கிப் பார்ப்பார், இன்னொருவர் உள்ளே பொருட்களைச் சரிபார்ப்பார். முதல் முறை, சிறு படகின் துடுப்பு ஒன்று காணோம் என்று 60 யூரோ பிடித்தார்கள். எடுக்கும்போது அந்தத் துடுப்பு இருந்ததா என்று எங்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை, எண்ணிப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தோம்.

இரண்டாம் முறை மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் எண்ணினார். கரண்டி 11, தட்டு 10, துடுப்பு 2, கார்க் திறப்பான் இல்லை என்று எழுதி, அந்தப் பையனிடம் கையெழுத்தும் வாங்கினார். ஒப்படைத்த அன்று ஒரு பைசா பிடிக்கவில்லை. கார்க் திறப்பானை போரோஸில் மூன்று யூரோ கொடுத்து வாங்கியிருந்தோம். அதை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, பட்டியலில் "இல்லை" என்பதை மாமா அடித்துத் திருத்திவிட்டு இறங்கினார்.